இசையைப் பள்ளிப் பாடமாகப் படிப்பது: கர்நாடக இசை மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஐந்தாறு வருடம் பாட்டு கற்றுக்கொண்ட பிள்ளை, பள்ளியில் இசையைப் பாடமாக எடுத்தால் சுலபமாக மதிப்பெண் வாங்கிவிடும் என்று வீட்டில் நினைப்பார்கள். முதல் எழுத்துத் தேர்வில் திணறுவது பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான். நன்றாகப் பாடும், பாடியதை எழுதச் சொன்னால் பேனா நகராது. இன்னொரு வகைப் பிள்ளையும் உண்டு. 72 மேளங்களையும் (தாய் ராகங்களையும்) வரிசையாக ஒப்பிக்கும். அதில் ஒன்றின் ஆரோகணத்தை, அதாவது ஏறும் ஸ்வர வரிசையைப் பாடச் சொன்னால், காந்தாரத்தை (க) எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் விழிக்கும்.

இரண்டு பேரிடமும் குறை ஒன்றுதான். எழுத்துப் பாடத்தையும் செய்முறையையும் இரண்டு தனிப் பாடங்களாகப் படித்துவிட்டார்கள். நான் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் படித்தேன். அப்புறம் பிள்ளைகளை இந்தத் தேர்வுக்குத் தயார்செய்யத் தொடங்கியபோது, அதே இடத்தில் அதே தடுமாற்றத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கீழே உள்ள வரிசை அதிலிருந்து வந்தது. வாய்ப்பாட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். வீணையோ வயலினோ எடுத்தவர்களுக்கும் வரிசை இதேதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பாடத்திட்டம். பாடநூல் வேறு, பாடத்திட்டம் வேறு. எந்த ராகங்களுக்கு லட்சணம் (ராகத்தின் இலக்கணம்) எழுத வேண்டும், எந்த உருப்படிகளை (பாட்டுகளை)ப் பாட வேண்டும், எவற்றை ஸ்வரப்படுத்தி, அதாவது ஸ்வரமும் தாளமுமாக எழுத வேண்டும் என்பதெல்லாம் பாடத்திட்டத்தில்தான் இருக்கும். அதைப் பார்த்து ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம் போடுங்கள்: 'பாடத் தெரியும்', 'எழுதத் தெரியும்'. இரண்டும் நிரம்பினால்தான் அந்தப் பகுதி முடிந்தது என்று கணக்கு.

அடுத்து சுருதிப் பெட்டி அல்லது தம்புரா. கைபேசிச் செயலியும் போதும். ஆனால் கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் மந்தர (கீழ் ஸ்தாயி) ஷட்ஜம், அதாவது கீழ் ஸ, சரியாகக் கேட்காது. பஞ்சமமும் மேல் ஷட்ஜமும்தான் தூக்கலாகக் கேட்கும். பிள்ளை தன்னை அறியாமல் பஞ்சமத்தையே பிடித்துக்கொண்டு ஸ பாடிவிடும். கொஞ்சம் பெரிய ஒலிபெருக்கியில் இணைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கட்டம் போட்ட கணக்கு நோட்டு. இது ஏன் என்பது நான்காம் பகுதியில் தெரியும். கோடு போட்ட நோட்டில் ஸ்வரம் எழுதப் பழகியவர்கள் கடைசிவரை எண்ணிக்கையில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன்.

2. உங்கள் சுருதியை நீங்களே கண்டுபிடியுங்கள்

கீழே மந்தர பஞ்சமம் காற்றாகப் போகாமல் ஒலிக்க வேண்டும். மேலே தார ஸ்தாயி மத்தியமம் கத்தாமல் எட்ட வேண்டும். இந்த இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் கட்டைதான் (ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சொல்லும் சுருதி அளவு) உங்கள் சுருதி. பொதுவாகப் பெண் குரல்களுக்கு 5 கட்டையைச் சுற்றியும், முதிர்ந்த ஆண் குரல்களுக்கு 1 கட்டையைச் சுற்றியும் வரும். 'சுற்றி' என்பதைக் கவனியுங்கள். அரைக்கட்டை வித்தியாசத்தில் மேல் ஸ்தாயி திறந்துகொள்ளும், அல்லது அடைத்துக்கொள்ளும்.

வகுப்பில் எல்லோரும் ஒரே சுருதியில்தான் பாடியாக வேண்டும். அதையே வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவது பரவலான தவறு. வீட்டுச் சாதகம் உங்கள் கட்டையில் நடக்கட்டும். செய்முறைத் தேர்வில் தேர்வாளர் கேட்பதற்கு முன்பே "எனக்கு ஐந்தரைக் கட்டை" என்று சொல்லும் அளவுக்கு அது பழகியிருக்க வேண்டும்.

பையன்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். குரல் உடையும் வயதும் இந்தப் பாடத்தைப் படிக்கும் வயதும் பெரும்பாலும் ஒன்றாக வருகின்றன. நேற்றுவரை 5 கட்டையில் மணியாகப் பாடியவனுக்கு இன்று மேல் ஷட்ஜம் கீச்சென்று பிளக்கும். பலர் வெட்கப்பட்டுப் பாடுவதையே நிறுத்துகிறார்கள். இன்னும் சிலர் பழைய சுருதியைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டு தொண்டையைப் புண்ணாக்குகிறார்கள். இரண்டும் வேண்டாம். அந்த மாதங்களில் மத்திய ஸ்தாயிக்குள் மட்டும், மெதுவாக, குறைந்த நேரம் பாடுங்கள். மாதம் ஒரு முறை சுருதியைத் திரும்பப் பாருங்கள். மிச்ச நேரத்தைத் தாளத்துக்கும் ஸ்வரம் எழுதுவதற்கும் கொடுங்கள். குரல் உடைந்த வருடத்தில் எழுத்துப் பாடத்தில் எல்லோரையும் முந்திப்போன பையன்களை எனக்குத் தெரியும். குரல் நிலைத்ததும் பாட்டும் அவர்களுக்கு வேகமாக வந்து சேர்ந்தது.

3. முதலில் கை, அப்புறம் வாய்

தாளத்தைப் பாட்டோடு சேர்த்துக் கற்றுக்கொண்டால் கை, பாட்டின் வேகத்துக்கு ஆட ஆரம்பித்துவிடும். அதனால் முதல் இரண்டு வாரம் வெறும் கை.

அங்கங்கள் மூன்றும் தெரிந்தால் 35 தாளங்களையும் போடலாம். அனுதிருதம் ஒரு தட்டு, 1 அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை). திருதம் தட்டும் வீச்சும், 2 அட்சரம். லகு ஒரு தட்டும் விரல் எண்ணிக்கையும்; ஜாதியைப் பொறுத்து 3 (திஸ்ரம்), 4 (சதுஸ்ரம்), 5 (கண்டம்), 7 (மிஸ்ரம்), 9 (சங்கீர்ணம்) அட்சரம். லகுவில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். சதுஸ்ர லகு என்றதும் தட்டிவிட்டு நான்கு விரல் எண்ணுகிறார்கள். அது 5 ஆகிவிட்டது. தட்டும் எண்ணிக்கையில் சேர்த்தி. சதுஸ்ரத்துக்குத் தட்டு ஒன்று, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மிஸ்ரத்துக்குத் தட்டுக்குப் பிறகு கட்டைவிரல் வரை ஐந்து விரலும் எண்ணி, மறுபடி சுண்டுவிரலுக்கு வர வேண்டும்.

ஏழு தாளங்களின் அங்க வரிசையைக் கையில் போட்டுக்கொண்டே சொல்லிப் பழகுங்கள். துருவம்: லகு, திருதம், லகு, லகு. மட்யம்: லகு, திருதம், லகு. ரூபகம்: திருதம், லகு. ஜம்பை: லகு, அனுதிருதம், திருதம். திரிபுடை: லகு, இரண்டு திருதம். அட: இரண்டு லகு, இரண்டு திருதம். ஏகம்: ஒரு லகு. 'கண்ட ஜாதி அட தாளத்துக்கு எத்தனை அட்சரம்' என்ற கேள்விக்கு மனப்பாடம் தேவையே இல்லை. 5, 5, 2, 2 என்று கை போட்டால் 14 வந்துவிடும்.

ரூபகத்தில் ஒரு பொறி உண்டு. கச்சேரியில் கீர்த்தனைக்கு இரண்டு தட்டு, ஒரு வீச்சு என்று 3 எண்ணிக்கையில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்தில் (ஏழு தாளங்களுக்கான ஸ்வரப் பயிற்சியில்) வருவது சதுஸ்ர ஜாதி ரூபகம், 2 + 4 = 6 அட்சரம், திருதம் முதலில். கேட்பது எது என்று பார்த்துக்கொண்டு போடுங்கள்.

கை நிலைத்த பிறகு சரளி வரிசையை (முதல் ஸ்வரப் பயிற்சியை) மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில் பாடுங்கள். முதல் வரிசையில் ஏற்றமும் இறக்கமும் சேர்த்து 16 ஸ்வரம். 8 அட்சர ஆதி தாளத்தில் முதல் காலத்தில் 2 ஆவர்த்தனம் (தாளச் சுற்று), இரண்டாம் காலத்தில் 1, மூன்றாம் காலத்தில் அரை. ஆகவே மூன்றாம் காலத்தில் இரண்டு முறை பாடினால்தான் ஆவர்த்தனம் நிறையும். காலம் மாறும்போது வாய்தான் வேகமாகிறது. கை அதே நடையில் இருக்க வேண்டும். உங்கள் கை ஓடுகிறதா என்று உங்களுக்குத் தெரியாது. கைபேசியைத் தொடைக்கு அருகில் வைத்துப் பதிவுசெய்து, பிறகு தட்டுச் சத்தத்தை மட்டும் கேளுங்கள்.

4. பாடுவதை அன்றே எழுதுங்கள்

மொத்தப் பாடத்திலும் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இங்கேதான்.

குறிகள் கொஞ்சம்தான். குறில் ஸ்வரம் 1 மாத்திரை (நேர அளவு), நெடில் 2. காற்புள்ளி 1, அரைப்புள்ளி 2. ஸ்வரத்துக்கு மேலே புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி, கீழே வைத்தால் கீழ் ஸ்தாயி. மேலே ஒரு கோடு இழுத்தால் இரண்டாம் காலம், இரண்டு கோடு என்றால் மூன்றாம் காலம். ஒற்றைச் செங்குத்துக் கோடு அங்கத்தின் முடிவு, இரட்டைக் கோடு ஆவர்த்தனத்தின் முடிவு. ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். பழகுவதற்குத்தான் மாதக்கணக்கு.

கணக்கு நோட்டைத் திறந்து, ஒரு கட்டத்துக்கு ஒரு மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்சரத்துக்கு 4 மாத்திரை வரும் ஆதி தாளக் கீர்த்தனை என்றால் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32 கட்டம். மேலே 1 முதல் 8 வரை அட்சர எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது தாளம் போட்டுக்கொண்டு ஒரு வரியைப் பாடி, ஒவ்வொரு தட்டிலும் விரலிலும் சாகித்யத்தின் (பாட்டு வரியின்) எந்த எழுத்து விழுகிறதோ அதை அந்த எண்ணுக்குக் கீழே எழுதுங்கள். ஸ்வரத்தைக் கடைசியில் நிரப்புங்கள்.

சாகித்யம் ஏன் முதலில்? அதுதான் உங்கள் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது, தாளத்தில் அது விழும் இடமும் பழகியிருக்கிறது. ஸ்வரத்தை முதலில் எழுதினால் மாத்திரை கூடிக் குறைந்து, பிறகு சாகித்யத்தை அதற்குள் திணிக்க வேண்டிவரும். விடைத்தாளில் 'ரா' ஓரிடத்தில், 'மா' மூன்று கட்டம் தள்ளி என்று அலங்கோலமாக நிற்பது இப்படித்தான்.

எடுப்பில், அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில், ஒரு தவறு நடந்தால் வரி முழுதும் போய்விடும். தட்டு விழுந்து அரை அட்சரம் கழித்துப் பாட்டு தொடங்குகிறது என்றால், முதல் எழுத்துக்கு முன்னால் 2 மாத்திரை காலி. அங்கே ஓர் அரைப்புள்ளி வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதிய ஒரு மாணவி, வரிக் கடைசியில் 2 மாத்திரை மிஞ்சியதைப் பார்த்து, அங்கே இருந்த இரண்டு குறில்களை நெடிலாக்கிக் கணக்கைச் சரிக்கட்டினாள். எண்ணிக்கை 32 சரி. தாளத்தில் ஒரு எழுத்துகூட இடத்தில் இல்லை. எழுதி முடித்ததும் எழுதியதைப் பார்த்தே கை போட்டுப் பாடியிருந்தால், முதல் தட்டிலேயே தெரிந்திருக்கும்.

அதீதம், அனாகதம் இரண்டையும் மாற்றி எழுதுவதும் வழக்கம். தாளத்துக்கு முன்பே பாட்டு தொடங்கினால் அதீதம். தாளம் தொடங்கிய பிறகு பாட்டு வந்தால் அனாகதம். உங்களுக்குத் தெரிந்த பாட்டு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் எடுப்பைக் குறித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

எழுதும் வரிசை: சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம், கீர்த்தனை. கீதத்தைத் தாண்டி நேராகக் கீர்த்தனைக்குப் போகாதீர்கள். கீதத்தில் பெரும்பாலும் ஸ்வரத்துக்கு ஓர் எழுத்து என்று நேராக இருக்கும், சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது) இருக்காது. இரண்டு கீதத்தைப் பிழையில்லாமல் எழுதிவிட்டால் கை துணிந்துவிடும்.

5. 16 பெயர், 12 இடம், 72 மேளம்

ஒரு கீபோர்டோ ஆர்மோனியமோ பத்து நிமிடம் கிடைத்தால் இந்தப் பகுதி பாதி முடிந்தது. ஸ முதல் அடுத்த ஸ வருவதற்குள் 12 இடம்தான். வீணையிலும் ஒரு ஸ்தாயிக்கு 12 என்று 24 மெட்டுகள். ஆனால் ஸ்வரப் பெயர்கள் 16. நான்கு இடங்களுக்கு இரட்டைப் பெயர் இருப்பதால்தான் இந்த வித்தியாசம். சதுஸ்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே இடம். ஷட்ஸ்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒரே இடம். மேலே தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் இதே கதைதான்.

இதைப் புரிந்துகொண்டால் 72 எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். ரி, க இரண்டுக்கும் சேர்த்து 4 இடம். அதில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 6 வழி. த, நி இரண்டுக்கும் அதேபோல 6 வழி. மத்தியமம் 2. ஆக 6 × 6 × 2 = 72. முதல் 36 சுத்த மத்தியமம், அடுத்த 36 பிரதி மத்தியமம். ரி-க சேர்க்கை மாறும்போது சக்கரம் (ஆறு மேளங்கள் கொண்ட தொகுதி) மாறுகிறது; சக்கரத்துக்குள் த-நி மாறுகிறது.

எண்ணிலிருந்து ஸ்வரம் கண்டுபிடிக்க, 1 கழித்து 6 ஆல் வகுங்கள். ஈவோடு 1 கூட்டினால் சக்கரம், மீதியோடு 1 கூட்டினால் அதற்குள் எத்தனையாவது மேளம் என்பது. 28 என்றால் 27, ஈவு 4, மீதி 3. ஐந்தாவது சக்கரத்தில் நான்காவது: ரி2 க3 ம1 த2 நி2 (எண், அந்த ஸ்வரத்தின் எத்தனையாவது வகை என்பது), ஹரிகாம்போதி. 1 கழிக்காமல் வகுப்பவர்கள் 24, 30, 36 போன்ற எண்களில் மாட்டிக்கொள்கிறார்கள். 36க்கு மேல் என்றால் முதலில் 36 ஐக் கழித்துவிட்டு இதையே செய்யுங்கள்.

பெயரிலிருந்து எண் கண்டுபிடிக்கும் முறை கடபயாதி: பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு உரிய எண்களைத் திருப்பிப் போட்டால் மேள எண். இதில் தமிழில் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு சங்கடம் இருக்கிறது. பாடநூல்கள் இதை விளக்கமாகச் சொல்லிப் பார்த்ததில்லை. வடமொழியில் ககரம் நான்கு. அவற்றுக்கு 1, 2, 3, 4 என்று தனித்தனி எண். தமிழில் எழுதும்போது நான்கும் ஒரே 'க'. கீரவாணி, கரஹரப்ரியா இரண்டும் நம் கண்ணுக்கு 'க, ர' என்றுதான் தொடங்குகின்றன. கீரவாணியில் இருப்பது முதல் ககரம்: 1, ரகரத்துக்கு 2 என்று வந்து, திருப்பிப் போட்டால் 21. கரஹரப்ரியாவில் இருப்பது இரண்டாவது ககரம்: 2, 2 என்று 22. தகரத்திலும் இதேபோல 6, 7, 8, 9. தீரசங்கராபரணத்தில் நான்காவது தகரம், அதனால் 9, 2, திருப்பினால் 29. அதை முதல் தகரமாக எண்ணினால் 26 வந்து சாருகேசியில் நிற்பீர்கள்.

அதனால் க, ட, த, ப என்று தொடங்கும் மேளப் பெயர்களுக்குப் பக்கத்தில் எத்தனையாவது எழுத்து என்று சின்னதாக ஓர் எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் தொடக்கத்தில் கூட்டெழுத்து வந்தாலும் குழப்பம் வரும். அவற்றைத் தனிப் பட்டியலாக மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது.

6. ராக லட்சணத்தைப் பாட்டிலிருந்து எடுங்கள்

தாய் மேளம், ஆரோகண அவரோகணம், ஸ்வரஸ்தானங்கள், ஔடவம் (5 ஸ்வரம்) ஷாடவம் (6 ஸ்வரம்) போன்ற வகை, ஜீவ ஸ்வரம் (ராகத்துக்கு உயிரான ஸ்வரம்), நியாச ஸ்வரம் (நின்று முடிக்கும் ஸ்வரம்), சஞ்சாரம் (ராகத்தைக் காட்டும் ஸ்வரத் தொடர்கள்), உருப்படிகள். இந்த வரிசையில் எழுதினால் எதுவும் விடுபடாது.

வகையை மனப்பாடம் செய்யாமல் எண்ணிப் பாருங்கள். மலஹரியில் ஏறும்போது ஸ ரி ம ப த, 5. இறங்கும்போது காந்தாரம் சேர்ந்து 6. ஆக ஔடவ-ஷாடவம். நிஷாதம் இரண்டிலும் இல்லை.

சஞ்சாரத்தில்தான் மதிப்பெண் போகிறது. ஆரோகணத்தையே முன்னும் பின்னும் கலைத்துப் போட்டு எழுதுகிறார்கள். அதில் ராகம் இருக்காது. மோகனத்துக்கும் பிலஹரிக்கும் ஏறும் வழி ஒன்றேதான்: ஸ ரி2 க3 ப த2 ஸ. பிலஹரி இறங்கும்போதுதான் நி3, ம1 இரண்டும் வந்து ஏழு ஸ்வரமும் ஆகிறது. ஏறும் பிடிகளாகவே (ஸ்வரத் தொடர்களாகவே) ஒரு வரி எழுதினால் எந்த ராகம் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் வர்ணத்திலிருந்து நான்கைந்து பிடிகளை எடுங்கள். பாடிப் பார்த்து ராகம் தெரிகிறது என்றால் அதுதான் சஞ்சாரம்.

7. வாக்கேயக்காரர்கள்

பாட்டுக்கு வரியும் மெட்டும் அமைத்தவர்கள்தான் வாக்கேயக்காரர்கள். இதற்கு ஒரு வாரம் போதும். ஒவ்வொருவருக்கும் நான்கு வரி: காலம், மொழி, முத்திரை (பாட்டுக்குள் வைக்கும் அடையாளச் சொல்), நீங்கள் பாடும் ஓர் உருப்படி. சியாமா சாஸ்திரிகள் (1762–1827) முத்திரை 'சியாமகிருஷ்ண'. தியாகராஜர் (1767–1847) தன் பெயரையே வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்தார். முத்திரை 'குருகுஹ', பெரும்பாலும் சமஸ்கிருதம். முத்திரையைப் பாட்டில் எந்த வரியில் வருகிறது என்று பார்த்து வைத்தால் யாருடையது என்பது மறக்காது. பக்கம் பக்கமாக வாழ்க்கைக் கதை படிப்பதற்குக் கேள்வித்தாளில் அவ்வளவு இடம் கிடையாது.

8. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய ஆறு வாரம்

புதிய உருப்படி எதுவும் தொடாதீர்கள். தெரிந்ததை உடைத்துப் பழகுங்கள். தேர்வாளர் முழுப் பாட்டையும் கேட்பது அரிது. "அனுபல்லவியிலிருந்து பாடு", "முக்தாயி ஸ்வரத்தை (வர்ணத்தில் அனுபல்லவிக்கு அடுத்த ஸ்வரப் பகுதி) இரண்டாம் காலத்தில்" என்பார். எப்போதும் பல்லவியிலிருந்தே பாடிய பிள்ளை அங்கே மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கும். அரை நிமிடம் மௌனம். பாட்டின் பகுதிகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, எடுத்த இடத்திலிருந்து தொடங்கிப் பழகுங்கள்.

வரி மறந்துபோனால் கையை நிறுத்தக் கூடாது. தாளம் ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த ஆவர்த்தனத்தில் சேர்ந்துகொள்ளலாம். கை நின்றுவிட்டால் சேர வழியே இல்லை. ஒரு பையன் தடுமாறும்போதெல்லாம் கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொள்வான். ஒரு மாதம் முழுக்க மேசை இல்லாமல் தரையில் உட்கார வைத்தே பாடச் சொன்னேன். தேர்வில் சரணத்தில் ஒரு வரியை விட்டுவிட்டான். கை நிற்கவில்லை, அடுத்த வரியில் சரியான தட்டில் வந்து சேர்ந்தான்.

9. எழுத்துத் தேர்வு அன்று

ஸ்வரப்படுத்தும் கேள்வியை மனம் தெளிவாக இருக்கும் முதல் அரை மணிக்குள் எழுதிவிடுங்கள். வெளியே சத்தம் வராமல் தொடையில் விரலால் தாளம் போட்டு, மனதுக்குள் பாடி எழுத வேண்டிய கேள்வி அது. களைத்த பிறகு முடியாது. விடையின் தலைப்பில் ராகம், மேள எண், ஆரோகண அவரோகணம், தாளம், இயற்றியவர் ஐந்தையும் எழுதிவிட்டு ஸ்வரத்துக்குப் போங்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தை மேலே வைக்கும் புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் ஒதுக்குங்கள். வேகமாக எழுதும்போது முதலில் விடுபடுவது ஸ்தாயிப் புள்ளிதான். அப்புறம் ஒவ்வொரு இரட்டைக் கோட்டுக்கும் முன்னால் உள்ள மாத்திரைகளைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணுங்கள். ஒரு வரியில் 31 வந்தால், கடைசி எழுத்தை நீட்டாதீர்கள். வரியின் தொடக்கத்துக்குப் போய் எடுப்பைப் பாருங்கள்.